தனியாகப் பார்த்த வெளிச்சம்

வாசலில் இரண்டு ஜோடி கறுப்புப் பூட்ஸ் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. சுவரை ஒட்டி, நுனி வெளியே பார்க்க, அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தன. அவற்றின் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் ரப்பர் செருப்பும் மருமகள் சுஷ்மிதாவின் காலணிகளும் ஆளுக்கொரு திசையாகக் கிடந்தன. ஆங் மோ கியோவில் அந்த அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரம் வழியாகப் போன ஒவ்வொருவரும் பூட்ஸைப் பார்த்தார்கள். பிறகு இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே வீட்டுக்குள் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மின்தூக்கிப் பக்கம் நகர்ந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடலாமா என்றிருந்தது. சாத்தினால் உள்ளே என்னவோ பெரிதாக நடக்கிறது என்றாகிவிடும். விட்டுவிட்டாள்.

வந்திருந்தவர்கள் ஆகாயப் படைக்காரர்கள். மேஜர் அப்துல் அலீமுக்கு நாற்பது வயது இருக்கலாம். முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. மைலோ கலந்து கொடுத்ததை மறுக்காமல் வாங்கி, பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்திருந்தார். கூட வந்த சார்ஜன்ட் ஒரு சீனப் பெண். மடியில் கையடக்கக் கணினியை வைத்துக்கொண்டு, பேச்சு தமிழில் போகும்போதெல்லாம் மேஜரின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். மகன் ரித்திக் அன்று வீட்டிலிருந்தே வேலை. அவன் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை ஆகாயப் படையில்தான் முடித்தவன் என்பதால், வந்தவர்கள் தனக்கு விருந்தாளிகள் என்பதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“கையை நல்லா நீட்டுங்க ஆன்ட்டி. முஷ்டியை மடக்கிக்குங்க. கடலுக்கு மேல எத்தனை முஷ்டி உயரத்துல இருந்துச்சு?” என்றார் மேஜர்.

பஞ்சவர்ணம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். “ஒன்றரை இருக்கும் சார்.”

“மினுக்கிச்சா?”

“இல்ல. சும்மா நின்னுச்சு.”

அது நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கண்டெய்னர்களுக்குச் சீட்டு ஒட்டுவதில் தொடங்கி இப்போது கவுண்ட்டருக்கு வந்திருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து சாங்கி விலேஜுக்கு பஸ் ஏறி, கடற்கரையில் வழக்கமாக உட்காரும் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். சூரியன் முதுகுப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. எதிரே தெக்கோங் தீவு கறுத்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் விளக்குகள் எப்படி வரும், எந்த வேகத்தில் பெரிதாகும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிப்போனது. அந்த வரிசைக்குக் கீழே, இடது பக்கமாக, ஒரு வெளிச்சம் இருந்தது. பல்பைத் துணியால் மூடினாற்போல் மங்கலான வெள்ளை. வரவும் இல்லை, போகவும் இல்லை. அடுத்த விமானம் அதை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தது, அல்லது அவளுக்கு அப்படிப் பட்டது. திடீரென்று அந்த விமானம் மூக்கைத் தூக்கி, மணல் அதிர இரைந்துகொண்டு மறுபடி மேலே ஏறியது.

வானத்தில் எதையாவது பார்த்தால் உடனே சொல்லச் சொல்லி, விமான நிலைய ஊழியர்கள் எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். யோசிக்காமல் அழைத்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கி, அணைந்துபோனது. மறுமுனையில் பேசியவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியாக ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள், கூட யாராவது பார்த்தார்களா?

“தனியாத்தான்” என்று சொன்னாள்.

சொன்னபோது மருதப்பன் அவளுக்கு முன்னால், ஓடிவந்த மூச்சு அடங்காமல், இரண்டு கையிலும் தேநீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பொட்டலங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒரு பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதன் முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

மருதப்பன் பஸ் ஓட்டுபவர். அவருடைய தடம் சாங்கி விலேஜில் முடியும். மனைவியோடு சட்டப்படி பிரிந்து வெகுகாலமாகி, மார்சிலிங்கில் தனியாக இருந்தார். அவரை முதலில் பஞ்சவர்ணம் கவனித்தது, ஒரு மழை நாளில் ஓடிவந்த அவளுக்காக அவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தபோது. அப்புறம் செவ்வாய்க்கிழமைகள் வந்தன. இரண்டு வருடமாகப் பழகியும் அவர் அவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். பேசுவது பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயங்கள்தான். எந்த நிறுத்தத்தில் யார் சண்டை போட்டார்கள், சரக்குப் பிரிவுக்கு வந்த குதிரை எப்படி அடம்பிடித்தது, இப்படி. திரும்பி வீட்டுக்கு வரும்போது அவளுக்கு உடம்பு லேசாக இருக்கும். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள்.

மறைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. ஆனால் ஒரு தீபாவளியன்று, தூரத்து உறவில் ஒரு பெரியவர் மறுமணம் செய்துகொண்ட பேச்சு வந்தபோது, ரித்திக் முறுக்கைக் கடித்துக்கொண்டே “இந்த வயசுல என்னா தேவை லா” என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் பிறகு விழுங்க முடியவில்லை.

மேஜர் எழுந்துகொள்ளும்போது சொன்னார்: “ஒரே இடத்துலேர்ந்து ஒருத்தர் பாத்ததை வச்சு அது எவ்வளோ தூரத்துல இருந்துச்சுன்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. கிட்டக்க இருக்கிற சின்ன லைட்டும் ஒண்ணுதான், எங்கயோ இருக்கிற கிரகமும் ஒண்ணுதான். இன்னொரு இடத்துலேர்ந்து வேற யாராச்சும் பாத்திருந்தா நல்லாருக்கும். பீச்சுல யாராச்சும் இருந்தாங்களா, ஞாபகம் வந்தா கூப்பிடுங்க.”

“சரி சார்” என்றாள். வாசலில் சார்ஜன்ட் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை, வேறெங்கும் பார்க்க முடியாமல் அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செய்தி வேலையிடத்துக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் சொன்னதால்தான் அன்று விமானங்களைக் கொஞ்ச நேரம் வானத்திலேயே சுற்றவிட்டார்கள் என்று கவுண்ட்டரில் பேசிக்கொண்டார்கள். இரண்டே நாளில் யாரோ ‘ஸ்டார் ஆன்ட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அதைச் சொல்லிச் சிரிப்பதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனையும் செய்துகொண்டு வரும்படி, அக்கறையாகச் சொல்வதுபோல் சொன்னார். பஞ்சவர்ணம் தலையாட்டினாள். இத்தனை வருடத்தில் ஒரு சீட்டைத் தப்பாகப் படித்தவளில்லை. அன்று மதியம் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கவென்று தேக்கா சந்தைக்குப் போனாள். மருதப்பனையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். தேக்கா அவர்கள் சந்திக்கிற இடமே இல்லை. அங்கே கால் வைத்தால் தெரிந்தவர் யாராவது எதிரே வந்தே தீருவார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைவரை அவளால் பொறுக்க முடியவில்லை. உணவங்காடியில் கூட்டம் நெரிந்தது. பரோட்டாக் கல்லின் ஓசையும் தட்டு கழுவும் ஓசையும் கலந்து காதை அடைத்தன. இருவரும் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். மீன் பையை அவள் இருவருக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் வைத்தாள். அவர் இஞ்சித் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முஷ்டிக் கணக்கு, கிரகம், ஸ்டார் ஆன்ட்டி, கண் பரிசோதனை.

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இல்ல?” என்றாள்.

“நானும்தான பாத்தேன்.”

“நீங்க எங்கேர்ந்து பாத்தீங்க?”

“பாலம் தாண்டி, நடைபாதையில. உங்களுக்கும் எனக்கும் நடுவுல நல்ல தூரம். நடந்துக்கிட்டே பாத்தேனா, எனக்கு அது நகர்ந்த மாதிரிதான் இருந்துச்சு.” தேநீரில் மிதந்த ஆடையை ஊதி ஓரம் தள்ளினார். “அந்த ஆபீசர் கேக்குறது என்னைத்தான்.”

அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள். பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெரிந்த முகமோ என்று திரும்பிப் பார்த்தாள். தெரியாத முகம். மறுபடி அவர் பக்கம் திரும்பியபோது, அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா போய்ச் சொல்ல மாட்டேன், வர்ணம். நீங்க எப்ப சொல்லச் சொல்றீங்களோ அப்பச் சொல்றேன். வேணாம்னா விட்டுடலாம்.” கோப்பையை மேசையில் வைத்தார். “ஆனா ஒண்ணு. ராணுவத்து ரிப்போர்ட்டுல அன்னிக்கு நான் அங்க இல்ல. அதைப் படிக்கிறவங்களுக்கு நான்னு ஒரு ஆளே கிடையாது. அது என்னமோ மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவர் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பஞ்சவர்ணம் மீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிராங்கூன் சாலையில் கோயிலைக் கடக்கும்போது வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொள்ள மறந்து, கொஞ்ச தூரம் போன பிறகே நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.

அந்த வாரமே மேஜர் சார்ஜன்டோடு மறுபடி வந்தார். இந்த முறை தொலைபேசியிலேயே முடித்திருக்கலாம் என்றும், வயதில் பெரியவரிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வந்ததாகவும் சொன்னார். ரித்திக்கும் சுஷ்மிதாவும் வீட்டிலிருந்தார்கள். கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. விமானி காற்றின் காரணமாகத்தான் மேலே ஏறினார். அவரும் எதையும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் மாலையில் கிழக்கே வியாழன் கிரகம் நல்ல பிரகாசமாகத் தெரிந்தது. மேகம் நகர்ந்தால் கிரகம் நகர்வதுபோல் தோன்றும். மேகம் மூடினால் அணைந்துபோகும்.

“தப்புன்னு நாங்க சொல்லல. நீங்க போன் பண்ணது ரொம்பச் சரி. நாளைக்கும் எதையாச்சும் பாத்தா பண்ணணும். ஆனா வேற சாட்சி இல்லாததால, இதைக் கிரகம்னு எழுதி முடிச்சிடலாம்னு இருக்கோம்.”

“பாத்தீங்களாம்மா, நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, ஸ்டார்னு” என்றான் ரித்திக். அவன் குரலில் நிம்மதி இருந்தது. அவன் எழுந்து மேஜருக்குக் கைகொடுக்கப் போனான்.

பஞ்சவர்ணம் சுஷ்மிதாவைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அணைவதற்கு முன் அந்த வெளிச்சம் வழுக்கியது நினைவுக்கு வந்தது. கூடவே தேநீர்ப் பொட்டலத்தின் முடிச்சை ஒருவர் நிதானமாக அவிழ்த்ததும். அன்றைக்கு ஏதாவது நிஜம் என்றால் இரண்டும் நிஜம். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டதால்தான், சொன்னதும் பொய்யாகிக்கொண்டிருந்தது.

“நான் தனியா இல்ல சார்.”

நீட்டிய கையோடு ரித்திக் திரும்பினான்.

“இன்னொருத்தர் இருந்தாரு. மருதப்பன்னு பேரு. பஸ் டிரைவர். எங்கூட உக்காந்து பேசுறதுக்குத்தான் அங்க வருவாரு. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் வருவாரு. போன்ல தனியா இருந்தேன்னு பொய் சொல்லிட்டேன்.”

சார்ஜன்டுக்குத் தமிழ் புரியாது. ஆனால் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு அவள் கணினியில் தட்டுவதை நிறுத்தினாள். மேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் முகத்தில் சங்கடமும், அதை மீறி, வேட்டை நாய்க்கு வாசம் கிடைத்தாற்போல் ஓர் ஆர்வமும் தெரிந்தன.

“அவர் எங்க நின்னாரு ஆன்ட்டி? உங்க பக்கத்துலயா, தள்ளியா?”

“தள்ளி. ரொம்பத் தள்ளி.”

“அப்ப ஃபைலை மூட மாட்டேன்” என்றார்.

அவர்கள் போன பிறகு ரித்திக் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் வெளியேயும் வரவில்லை. பஞ்சவர்ணம் மைலோக் குவளைகளைக் கழுவினாள். சுஷ்மிதா பக்கத்தில் வந்து நின்று ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“ஓவர்டைம்ல காலெல்லாம் மணலா வருமா அத்தை?” என்றாள் மெதுவாக. “செவ்வாக்கிழமைன்னா வாசல்ல கூட்டித் தள்ளுறதே எனக்கு வேலை.”

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

“அவன்கிட்ட சொன்னியா?”

“உங்க மணலு. நான் எதுக்குச் சொல்லணும்?”

ரித்திக் மூன்று நாள் அம்மாவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். வேலை எப்படி என்றால் பரவாயில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. தெரிந்த வீட்டில் தெரியாத அறை ஒன்று இருந்ததைக் கண்டவன் போல், அம்மா நடமாடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை சாங்கிக் கடற்கரைக்கு வரும்படி மேஜர் செய்தி அனுப்பியபோது, அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “நானும் வரேன்” என்றான்.

அன்று மருதப்பன் பதிவுத் திருமணத்துக்குப் போகிறவர்போல் முழுக்கைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரித்திக்கைப் பார்த்ததும் “வணக்கம் தம்பி” என்றார். ரித்திக் “ம்” என்றான். பிறகு, தாமதமாக, கையை நீட்டினான். மருதப்பன் தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதைப் பற்றிக் குலுக்கினார். இருவரும் கடலைப் பார்த்தார்கள். நல்லவேளையாக மேஜர் கூப்பிட்டார்.

ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது என்று பிரித்து நிறுத்தினார்கள். மருதப்பனைச் சார்ஜன்ட் நடைபாதை வழியே தூரத்துக்குக் கூட்டிப்போனாள். பஞ்சவர்ணம் தன் திண்டின்மேல் உட்கார்ந்து, வெளிச்சம் இருந்த திசையைக் காட்டினாள். மேஜர் முக்காலியில் பொருத்திய கருவியை அவள் கையின் போக்கிலேயே திருப்பி வைத்துக் குறித்துக்கொண்டார். சார்ஜன்டும் அங்கே அதையே செய்தாள். மேஜர் கணினியில் வரைபடத்தைத் திறந்து, அவளிடமிருந்து வந்ததையும் தன்னுடையதையும் சேர்த்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படத்தைக் காட்டினார். இரண்டு சிவப்புக் கோடுகள். கரையில் தள்ளித்தள்ளிப் புறப்பட்டு, தெக்கோங் தீவுக்கு இந்தப் பக்கம், தண்ணீருக்கு மேலே ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருந்தன.

“கிரகமா இருந்தா ரெண்டு கையும் ஒரே மாதிரி நீண்டிருக்கும். கோடு சேரவே சேராது. இது கிட்டக்க இருந்திருக்கு ஆன்ட்டி. நீங்க பாத்தது வியாழன் இல்ல.”

“அப்ப என்னா சார் அது?”

“தெரியல” என்றார் மேஜர். அதைச் சொல்லும்போது அவர் முகம் பரீட்சையில் விடை தெரியாத பையனுடையது போல் ஒரு கணம் இளமையாகிவிட்டது. “தெரியலன்னுதான் எழுதப் போறேன். ரெண்டு பேர் பாத்தாங்க, ரெண்டு பேர் பேரும் இருக்கும். கீழ, என்னன்னு தெரியலன்னு இருக்கும்.”

உங்கள் நிறுவனத்துக்கு நானே ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு கண் பரிசோதனை நினைவுக்கு வந்து, “சொல்லுங்க சார்” என்றாள்.

ஆனால் பகல் வெளிச்சத்தில் காட்டியது மட்டும் போதாது, அன்று பார்த்த அதே அந்தி மங்கலில் இன்னொரு முறை காட்டினால் உறுதியாகும் என்றார். எல்லோரும் சூரியன் இறங்கக் காத்திருந்தார்கள். ரித்திக் காலணியைக் கழற்றிவிட்டு ஈர மணலில் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தான். துடுப்புப் படகுப் போட்டிக்காரர்கள் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வானம் வெளிறி, பிறகு ஊதாவாகி, தீவு கறுக்கத் தொடங்கியபோது மேஜர் எழுந்து கருவியின் பின்னால் குனிந்தார்.

“இப்ப காட்டுங்க ஆன்ட்டி. நான் சொல்ற வரைக்கும் அசைக்காதீங்க.”

பஞ்சவர்ணம் எழுந்து நின்று கையை நீட்டினாள். விரல் நுனிக்கு அப்பால் ஒன்றுமில்லை, மங்கிவரும் வானம் மட்டும் இருந்தது. இருந்தாலும் இடம் அவளுக்குத் தெரிந்தது. கருவியில் ஏதோ சரியாக அமையாமல் மேஜர் திருகித் திருகிப் பார்த்தார். தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. கை தாழப் பார்த்தது. கீழே இறங்கிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. உள்ளங்கை மணலோடு சொரசொரத்தது. அவள் திரும்பவில்லை, திரும்பினால் கை அசைந்துவிடும்.

“வலிக்குதாம்மா?”

“கொஞ்சம்.”

“சாஞ்சுக்குங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

கையின் பாரத்தை அவன்மேல் விட்டாள். நடைபாதையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தூரத்தில், சார்ஜன்டுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையின் கை ஒன்று கடலை நோக்கி நீண்டு அசையாமல் நின்றது. தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்க, அதன் வெளிச்சம் தண்ணீரைத் தொட்டு, மணலைத் தொட்டு, நீட்டிய கைகளின்மேல் ஊர்ந்துபோனது.